ஆராதனை முறை மாறினால் செய்தியும் மாறுமா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 52. எங்கள் சபைக் கமிட்டியில் ஏழு வருடமாக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையை மாற்றச் சொல்லி இளைஞர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். அச்சிட்ட ஆராதனை முறைமையைச் சுருக்க வேண்டும், ஆர்கனோடு டிரம்ஸும் கிட்டாரும் வேண்டும், பாட்டுப் புத்தகத்துக்குப் பதில் ஸ்கிரீன் வேண்டும் என்கிறார்கள். "சுவிசேஷம் மாறாது, அதைக் கொடுக்கிற முறைதான் மாறுகிறது, இதில் என்ன தப்பு?" என்பது அவர்கள் வாதம். பெரியவர்களோ, முறையில் கை வைத்தால் விசுவாசமே போய்விடும் என்கிறார்கள். போன கூட்டம் சண்டையில் முடிந்தது. டிரம்ஸ் வாசிக்கப்போவது என் மகன்தான். மூன்று வாரமாக அவனும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை உங்கள் கமிட்டிதான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை உங்கள் மகன் கண்ணில் பட்டான். அவனைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

"சுவிசேஷம் மாறாது, முறைதான் மாறுகிறது" என்று நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். செய்தி தண்ணீர், முறை பாத்திரம், எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் தண்ணீர் தண்ணீர்தான் என்ற நினைப்பு அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆராதனையில் பாத்திரமும் பேசுகிறது. இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம்.

கொரிந்து சபையார் எந்த உபதேசத்தையும் மறுத்துவிட்டு இராப்போஜன மேஜைக்கு வரவில்லை. அதே அப்பம், அதே பாத்திரம், அதே ஆண்டவருடைய பெயர். ஆனால் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்த நிருபத்தை எழுதிய பவுல் என்ன சொல்கிறார்? 'நல்ல ஆராதனை, ஒழுங்கு மட்டும் கொஞ்சம் குறைவு' என்று சொல்லவில்லை. நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று சொல்லிவிடுகிறார். சாப்பிட்ட விதம் செய்தியையே கொன்றுவிட்டது. சில வசனங்கள் தள்ளி, இந்த அப்பத்தைப் புசித்துப் பாத்திரத்தில் பானம்பண்ணும்போதெல்லாம் கர்த்தருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள் என்கிறார். அங்கே 'தெரிவிக்கிறீர்கள்' என்று வரும் கிரேக்கச் சொல், சுவிசேஷத்தை அறிவிப்பதற்கு அவர் பயன்படுத்தும் அதே சொல். அதாவது, பிரசங்கியார் வாயைத் திறப்பதற்கு முன்பே மேஜை பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறது.

அதே நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் தன்னுடைய முறையைப் பற்றியும் சொல்கிறார். கொரிந்து பேச்சு வன்மையைக் கொண்டாடிய ஊர். அந்த மக்களைப் பிடிக்க வேண்டும் என்றால் அலங்காரப் பேச்சுதான் வழி. பவுல் அதை வேண்டாம் என்று வைத்துவிட்டார். கிறிஸ்துவின் சிலுவை வீணாய்ப் போகக்கூடாது என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். பலவீனத்தில் தொங்கினவரைப் பற்றிய செய்தியை, பேசுகிறவனுடைய திறமையைப் பார்த்து ஜனங்கள் வாய்பிளக்கும் முறையில் சொன்னால், சொல்லும் விதமே சொல்லப்படுவதை மறுத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் இளைஞர்களோடு நீங்கள் உட்கார்ந்து பேசும்போது இந்த இடத்தைத் திறந்து வைத்துப் பேசுங்கள்.

இனி நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு சபையில் ஆராதனை நீளமாக இருக்கிறது என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். துதிப் பாடல்களுக்கு இன்னும் பத்து நிமிடம் கேட்டார்கள். நான் பாவ அறிக்கை ஜெபத்தையும் அதற்கு முன்னால் இருந்த ஒரு நிமிட மௌனத்தையும் எடுத்துவிட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆராதனை இப்போது உற்சாகமாக இருக்கிறது என்று பாராட்டினவர்களும் உண்டு. ஒன்றரை வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். ஜெபம் முடிந்து எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, முன்னே பாவ அறிக்கைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா இருப்போமே. அதிலேதான் என் தம்பிக்கு நான் செய்ததை ஆண்டவர்கிட்டே சொல்லுவேன். வாரா வாரம் சொல்லுவேன். இப்போ அது இல்லை. பாட்டுக்கு நடுவிலே எனக்குச் சொல்ல வரலை."

அந்த வருடம் முழுக்க மன்னிப்பைப் பற்றி நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருப்பேன். உபதேசத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆனால் நான் சுருக்கிய ஆராதனை வாய்திறக்காமல் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது: இங்கே வருகிறவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், மன்னிப்புக் கேட்கும்படி யாரிடமும் ஒன்றும் இல்லை. அவர் அதைக் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறே அந்த மௌனத்தைத் திரும்ப வைத்தேன்.

அப்படியானால் பெரியவர்கள் சொல்வதுதான் சரியா என்று கேட்பீர்கள். அதையும் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் காக்க நினைக்கும் பல முறைகள் ஒரு காலத்தில் சண்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்தவை.

ஆர்கனையே எடுத்துக்கொள்ளுங்கள். சூரிக் நகரத்தில் சபைச் சீர்திருத்தம் நடத்திய சுவிங்கிலி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். அவரே ஆராதனையில் இசை வேண்டாம் என்றார். 1527இல் அந்த நகரத்துப் பெரிய ஆலயத்தின் ஆர்கன் கழற்றப்பட்டது. அங்கே சபை மறுபடியும் பாட ஆரம்பித்தது 1598இல்தான். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பலவற்றில் இன்றைக்கும் வாத்தியமே கிடையாது, குரல் மட்டும்தான். அவர்கள் கண்ணில் நம் ஆர்கனும் டிரம்ஸும் ஒரே வரிசை. லத்தீன் ஆராதனையும் இப்படித்தான். ரோமாபுரிச் சபை முதலில் கிரேக்கத்தில்தான் ஆராதித்தது. ஜனங்களுக்குக் கிரேக்கம் புரியாமல் போன பிறகு, மக்கள் பேசிய லத்தீனுக்கு மாறியது. புரிய வேண்டும் என்பதற்காக வந்த அந்த மொழியே பிற்காலத்தில் யாருக்கும் புரியாத மொழியாக நின்றது. கத்தோலிக்கச் சபை மக்கள் மொழிகளுக்கு வழிதிறந்தது 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். அதே முறைதான், ஆனால் ஒரு நூற்றாண்டில் "வாருங்கள்" என்று சொன்னது, வேறொரு நூற்றாண்டில் "வெளியே நில்லுங்கள்" என்று சொல்லியிருக்கிறது.

வேதத்தில் இதற்கு வெண்கலச் சர்ப்பத்தைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. வனாந்தரத்தில் பாம்பு கடித்த ஜனங்களுக்காக மோசேயிடம் தேவனே செய்யச் சொன்னது அது. அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல தலைமுறை கழித்து அதற்கே தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டு, நிகுஸ்தான், வெறும் வெண்கலத் துண்டு, என்று பேர் வைத்தார். 2 இராஜாக்கள் 18இல் இருக்கிறது. மோசே செய்ததை உடைக்கிறோமே என்று அன்றைக்கும் யாராவது அழுதிருப்பார்கள்.

இளைஞர்களுக்கு இதே மாதிரி ஓர் இடம் காட்டுவதென்றால், யாத்திராகமம் 32ஐக் காட்டுவேன். பொன் கன்றுக்குட்டியைச் செய்த ஆரோன் வேறு தேவனுக்குப் பண்டிகை அறிவிக்கவில்லை. "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றுதான் கூறுகிறார். பெயர் சரி, ஜனங்களுடைய உற்சாகமும் உண்மை, கூட்டமும் திரளாக வந்தது. ஆனால் அந்த முறை காட்டிய தேவன், எகிப்திலிருந்து அழைத்து வந்தவர் இல்லை.

எந்த அளவுக்குச் சின்ன விஷயத்தில்கூட முறை பேசும் என்பதற்கு நாலாம் நூற்றாண்டில் ஒரு கதை உண்டு. செசரியாவில் பேராயராக இருந்த பேசில் துதி வாழ்த்தை இரண்டு விதமாகச் சொல்வார்: சில வேளை 'குமாரன் மூலமாக, பரிசுத்த ஆவியில்' பிதாவுக்கு மகிமை என்பார், சில வேளை 'குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும்' என்பார். இரண்டாவதைக் கேட்டுச் சிலர் கொதித்தார்கள். தமிழில் பார்த்தால் வேற்றுமை உருபு வித்தியாசம்தான். ஆனால் 'ஓடும்' என்று சொன்னால் மூவரும் சமம் என்றாகிவிடுகிறதே! அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பேசில் இதற்காகவே பரிசுத்த ஆவியானவரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஞாயிறுதோறும் வாய் சொல்லிப் பழகுவதை மனசு நம்ப ஆரம்பிக்கும் என்பது அந்த இரண்டு பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தது.

சரி, உங்கள் இளைஞர்கள் கேட்டிருக்கும் மூன்று விஷயங்களுக்கு வருவோம்.

டிரம்ஸ் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. 150ஆம் சங்கீதத்தில் ஓசையுள்ள கைத்தாளங்களே இருக்கின்றன. நான் பார்ப்பது ஒன்றைத்தான். கொலோசெயர் 3:16இல் பவுல் பாட்டைப் பற்றிப் பேசும்போது, ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லிக்கொள்வதையும் சேர்த்தே சொல்கிறார். பாட்டு மேலே மட்டும் போவதில்லை, பக்கத்திலும் போகிறது. நான் விசுவாசம் தளர்ந்து வந்த ஞாயிறுகளில், பக்கத்தில் நின்றவர் பாடின ஒரு வரி என்னைத் தூக்கியிருக்கிறது. ஆகவே பாடும்போது பக்கத்தில் நிற்கிறவருடைய குரல் உங்களுக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் டிரம்ஸ் இருக்கட்டும். கேட்காவிட்டால் ஸ்பீக்கரைக் குறையுங்கள். இதே சோதனையை ஆர்கனுக்கும் வையுங்கள், கொயருக்கும் வையுங்கள். கொயர் அருமையாகப் பாட, சபை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிற ஆராதனையும் அதே குறைதான், வயது மட்டும் கூட.

கூடவே விளக்கையும் சொல்லிவிடுகிறேன், மனுவில் இல்லாவிட்டாலும் சீக்கிரம் வரும். சபையார் இருட்டில், பாடுகிறவர்கள் வெளிச்சத்தில் என்று வைத்துவிட்டால், என்ன பாட்டுப் பாடினாலும் அது அரங்கம்தான். தயவுசெய்து எல்லார் முகமும் தெரியும்படி வெளிச்சம் இருக்கட்டும்.

ஸ்கிரீன் நல்லது, முதன்முதலாக வருகிறவர் பக்கம் தேடித் தவிக்க வேண்டாம். தலை நிமிர்ந்து பாடலாம். ஆனால் ஸ்கிரீன் வீட்டுக்கு வராது. பாட்டுப் புத்தகம் தலைமாட்டில் இருக்கும். சாகும் தறுவாயில் இருந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதிலிருந்து பாடியிருக்கிறேன், உதடு அசைந்து கூடப் பாடியிருக்கிறார்கள். ஸ்கிரீன் வையுங்கள். பாடும் பாட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகிற மாதிரி தாளிலும் கொடுங்கள். ஸ்கிரீனில் பாட்டு வரிகள் வரட்டும், பாடுகிறவர் முகம் பெரிதாக வர வேண்டியதில்லை.

பல்லவி ஒன்றையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள் என்ற குறை உங்கள் பெரியவர்களுக்கும் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆழமான பாட்டு என்றால் ஆறு சரணம் வேண்டும் என்று நினைத்திருந்தவன் நான். ஒரு சபையில், தூண் ஓரமாக உட்காரும் ஒரு தாயார் பாட்டுப் புத்தகத்தை மடியில் மூடியே வைத்திருப்பார். வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு நாள் இளைஞர்கள் நாலு வரிப் பாட்டு ஒன்றை ஏழெட்டுத் தடவை பாடினார்கள். மூன்றாவது தடவையில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகப் பாட ஆரம்பித்தார். நான் பல வருடமாக ஆராதனைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன், அவருக்கென்று ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் 136ஆம் சங்கீதத்தை எடுத்து எண்ணினேன். 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்பது 26 தடவை வருகிறது. ஆனால் பெரும்பாலான தடவை அதற்கு முன்னால் தேவன் செய்த ஒரு காரியமும் வருகிறது: வானம், சமுத்திரம், எகிப்து, வனாந்தரம், ஆகாரம். திரும்பப் பாடட்டும். எதற்காகத் துதிக்கிறோம் என்பதும் பாட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது, முறைமையைச் சுருக்குவது. இதில்தான் அவசரப்படாதீர்கள். ஏறக்குறைய 155இல் இரத்தசாட்சி ஜஸ்டின் ரோம அரசருக்கு எழுதிய விளக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்று விவரிக்கிறார். அப்போஸ்தலருடைய நினைவுக் குறிப்புகளும் தீர்க்கதரிசிகளுடைய எழுத்துக்களும் நேரம் இருக்கும் மட்டும் வாசிக்கப்படும். தலைமை தாங்குகிறவர் புத்தி சொல்வார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பமும் ரசமும் கொண்டுவரப்படும், ஸ்தோத்திரம் சொல்லி முடிந்ததும் சபை 'ஆமென்' சொல்லும். வராதவர்களுக்கு அதை உதவிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இருப்பவர்கள் கொடுக்கும் காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் போகும். இதில் ஒவ்வொன்றும் சுவிசேஷத்தின் ஒரு துண்டைச் சொல்கிறது பாருங்கள். தேவன் பேசுகிறார், மனிதன் பதில் சொல்கிறான், கிறிஸ்து தம்மையே கொடுக்கிறார், படுக்கையில் இருப்பவரை அவர் மறக்கவில்லை. உங்கள் முறைமையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது போனால் செய்தியில் ஓட்டை விழும், எது வெறும் பழக்கம் என்பது தெரிந்துவிடும். நேரம்தான் பிரச்சினை என்றால் அறிவிப்புகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

மனு கொடுத்த பிள்ளைகளுக்கு அந்த முறைமையின் ஒவ்வொரு பகுதியும் ஏன் இருக்கிறது என்று நாம் எப்போதாவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? காரணம் தெரியாத எதையும் வெட்டத்தான் தோன்றும். அது அவர்கள் தப்பு இல்லை, நம் தப்பு.

"கூட்டம் கூடுகிறதே" என்ற வாதமும் உங்கள் மேஜைக்கு வரும். 1830களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி என்ற பிரசங்கியார் எழுப்புதல் கூட்டங்களில் முன்வரிசையில் ஒரு பெஞ்சு போட்டு, மனம் கலங்கினவர்கள் எழுந்து அங்கே வரட்டும் என்றார். இன்றைக்குப் பல இடங்களில் பிரசங்கம் முடிந்ததும் முன்னே வரச் சொல்லும் அழைப்புக்கு அது ஒரு முன்னோடி. தேவன் எந்த முறையையும் நிரந்தரமாகக் கட்டளையிடவில்லை, பலன் தருவதைப் பயன்படுத்தலாம் என்பது அவர் நிலை. 1843இல் ஜான் நெவின் என்ற இறையியலாளர் அதை எதிர்த்து எழுதினார். அந்தப் பெஞ்சு தன் இறையியலையும் கூடவே கொண்டுவருகிறது, எழுந்து வருகிறவனுடைய துணிச்சலே இரட்சிப்பு மாதிரி ஆகிவிடுகிறது என்றார். நான் பெரும்பாலும் நெவின் பக்கம். ஆனாலும் அப்படி எழுந்து நடந்துபோய், வாழ்நாள் முழுக்க ஆண்டவரோடு நடந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் நடந்த அந்தப் பத்தடியை நான் குறைவாகப் பேச மாட்டேன். உணர்ச்சியைத் தட்டி எழுப்புவதற்கென்றே ஒரு சுரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. இலவசமாகக் கொடுக்கிற தேவனை, அசைத்து வாங்குகிற முறையில் காட்டக்கூடாது.

கமிட்டிக்கு ஒரு யோசனை. அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு வேண்டாம். நாலு ஞாயிறு எல்லாரும் உட்காரும் இடத்தை மாற்றி உட்காருங்கள்: ஒரு வாரம் கடைசி பெஞ்சு, ஒரு வாரம் ஸ்பீக்கர் பக்கத்தில், ஒரு வாரம் காது மந்தமானவர் பக்கத்தில், ஒரு வாரம் அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தவர் பக்கத்தில். பெரியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் ஜோடியாக உட்காரட்டும். ஆராதனை முறைமைத் தாளில் ஒவ்வொரு பகுதிக்கும் நேராக இரண்டு விஷயம் எழுதச் சொல்லுங்கள்: இது தேவனைப் பற்றி என்ன சொன்னது, இதில் யார் சேர முடியவில்லை. பழையது, புதியது என்ற இரண்டு சொற்களையும் அந்தத் தாளில் யாரும் எழுதக்கூடாது. யாக்கோபு 2இல் பொன் மோதிரம் போட்டவரை உட்காரச் சொல்லி, கந்தை உடுத்தவரை அங்கே நில் என்று சொன்ன சபையை நினைத்துக்கொண்டு எழுதட்டும். அதுவும் ஓர் ஆராதனை முறைதான், யாரும் அச்சிடாமலே நடந்தது.

லூத்தரன் உலக சம்மேளனம் 1996இல் வெளியிட்ட நைரோபி அறிக்கையும் உங்களுக்கு உதவும். ஆராதனையில் எல்லா மக்களுக்கும் பொதுவானது உண்டு, அந்தந்த மக்களின் பண்பாட்டில் வேரூன்றியது உண்டு, பண்பாட்டை எதிர்த்து நிற்பது உண்டு, மற்ற மக்களிடமிருந்து வாங்கிக்கொள்வதும் உண்டு என்று அது நாலாகப் பார்க்கிறது. உங்கள் பெரியவர்கள் முதலாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், இளைஞர்கள் இரண்டாவதை. மூன்றாவதைப் பற்றி ஒருவரும் பேசினதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அவசரம், சத்தம், நட்சத்திர மோகம் எல்லாம் நம் எல்லாரிடமும் இருக்கிறது. அதில் எதற்கு உங்கள் ஆராதனை இடம் கொடுக்காமல் நிற்கப்போகிறது என்பதை இரண்டு பக்கமும் சேர்ந்து தீர்மானியுங்கள்.

பிறகு ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்று மாதம் பாருங்கள். சரிப்பட்டு வராவிட்டால் எடுத்துவிடுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

இனி உங்கள் மகன். அவனிடம் இசையைப் பற்றி வாதம் பண்ணாதீர்கள். இந்த வாரம் அவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்குப் போய் அரைமணி நேரம் பின்னால் உட்காருங்கள். எதுவும் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வரும்போது, நீங்கள் சிறு வயதிலிருந்து பாடிவரும் ஒரு பாட்டைச் சொல்லுங்கள், அது ஏன் உங்களுக்கு வேண்டியது என்பதையும் சொல்லுங்கள். எந்தக் கஷ்டத்தில் எந்த வரி உங்களைத் தாங்கியது என்று அவனிடம் இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வரி பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்கிற மாதிரி டிரம்ஸ் எப்படி வாசிப்பாய் என்று கேளுங்கள். அவன் மேஜை மேலே விரலால் தட்டிக் காட்ட ஆரம்பித்தால், நீங்கள் கூடப் பாடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்